ஒரே வரிசைக்கு இரண்டு பெயர்

போன வாரம் அந்த வீட்டில் நடந்த சண்டை ஒரு சபதத்தில் முடிந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோகும் வழியில், சிநேகிதன் ஒருவனைப் பார்ப்பதற்காகச் சின்னவன் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டான். காத்திருந்த ஆஸ்பத்திரி பெரியவனைப் போனில் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டது. அந்தச் சூட்டை அவன் தம்பியிடம் இறக்கினான்.

"இனிமே என் இஷ்டத்துக்கு ஒரு தெருகூடத் திரும்ப மாட்டேன். போன்ல எந்த வரிசை வருதோ அந்த வரிசைதான். போதுமா?" என்று அண்ணன் முகத்துக்கு நேராகக் கத்திவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான் சின்னவன்.

சபதம் செய்வது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிகரெட்டை விடுவதாக மட்டும் எத்தனை முறை சத்தியம் செய்திருக்கிறான் என்பதற்குக் கணக்கே இல்லை. வாழ்க்கையில் எதையும் காப்பாற்றாத மனிதன், இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றித் தொலைத்தான்.

பெரியவனின் மனைவி இன்று காலை கிடங்கில் தனியாக இருந்தாள். அந்த வீட்டுக்கு ஒரே மருமகள். பின்னால் குளிரறை உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் பழைய லேப்டாப், பிளாஸ்டிக் டேப், கத்தரிக்கோல், காலையில் குடிக்க மறந்து ஆறிப்போன டீ. வண்டி கிளம்பி வெகு நேரமாகியும் அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவள் எழுதிய புரோகிராம் முதல்முதலாக வேலைக்கு இறங்கிய நாள் இது.

இந்தக் குடும்பத்தின் பிழைப்பு புரிந்தால்தான் அவள் தவிப்பும் புரியும். குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்துகளைக் கிடங்கில் வாங்கி வைத்து, காலையில் ஐஸ் போட்ட பெட்டிகளில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர்தான் பெட்டியின் மேலும் ஒட்டியிருக்கும். ஆர்டர் பிடிப்பது பெரியவன், வண்டி ஓட்டுவது சின்னவன், எந்தப் பெட்டியை எப்போது ஏற்றுவது என்று பார்த்துக்கொண்டது அவர்கள் அம்மா.

வண்டிக்குப் பின்பக்கம் ஒரே கதவு. முதலில் உள்ளே போன பெட்டி கடைசியில்தான் வெளியே வரும். ஆகவே கடைசியாகப் போகும் ஆஸ்பத்திரியின் பெட்டியை முதலில் ஏற்ற வேண்டும். போகிற வரிசை ஒன்று, ஏற்றுகிற வரிசை அதற்கு நேர் தலைகீழ். யார் யார் எப்போது கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் போகிற வரிசை தினமும் மாறும். மாமியார் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் காட்டிக் காட்டியே எல்லாவற்றையும் ஏற்றிவிடுவாள்.

சில மாதங்களாக அவளுக்குப் பெட்டி நம்பர்கள் தெரியவில்லை.

"எதைப் பார்க்கிறேனோ அதுமேலயே ஒரு கறுப்பு வந்து உட்கார்ந்துக்குது. பக்கத்துல இருக்கிறதெல்லாம் தெரியுது, பார்க்கிறது மட்டும் தெரியல" என்று ஒரு நாள் மருமகளிடம் மெதுவாகச் சொன்னாள். டாக்டரிடம் போனார்கள். கண்ணுக்குள் மாதம் ஓர் ஊசி, ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்றார் டாக்டர். ஏற்கெனவே கை நழுவியது நழுவியதுதான், மிச்சம் இருப்பதையாவது பிடித்து வைக்கலாம் என்றார்.

பெரியவனுக்கும் மருமகளுக்கும் மட்டும் இது தெரியும். சின்னவனிடம் மூச்சு விடக் கூடாது என்பது மாமியாரின் கட்டளை. "அவன் ரோட்டுல போறவன். இதை நினைச்சுக்கிட்டே ஸ்டியரிங்கைப் பிடிச்சான்னா என்ன ஆகறது? முட்டி வலி, நிக்க முடியல, அதனால மருமக பார்த்துக்கறான்னு சொல்லிடு" என்று மருமகளின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சின்னவனும் நம்பிவிட்டான்.

மருமகள் சாயங்கால வகுப்பில் பைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அது பாம்பு இல்லை, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி என்று சின்னவனுக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வகுப்பில் போன பாடம், எண்களின் பட்டியல் ஒன்றைத் தலைகீழாகத் திருப்புவது. அதைக் கேட்டதும் அவளுக்கு வண்டிதான் கண்முன் வந்தது.

நேற்று முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். போகிற வரிசைக்குப் 'பயணம்' என்று பெயர் வைத்தாள். ஏற்றுகிற வரிசைக்கு 'ஏற்றம்'. 'ஏற்றம்' என்பது 'பயணம்' பட்டியலின் ரிவர்ஸ் என்று ஒரே வரியில் எழுதி ஓட்டிப் பார்த்தாள். 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தது. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. வகுப்பில் எழுதி வைத்ததைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது. ரிவர்ஸ் என்று சொன்னால் அது பட்டியலை இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விடும். புதிதாக எதையும் கையில் கொடுக்காது.

சரி என்று இரண்டு வரியாக மாற்றினாள். 'ஏற்றம்' என்பதும் 'பயணம்' என்பதும் சமம் என்று ஒரு வரி, 'ஏற்றம்' பட்டியலை மட்டும் திருப்பு என்று அடுத்த வரி. இன்றைய பயணம் 14, 3, 9, 21, 6. ஓட்டினாள். ஏற்றம் 6, 21, 9, 3, 14 என்று கச்சிதமாக வந்து நின்றது. தனியாகவே கை தட்டிக்கொண்டாள். கடைசி வரியில், பயணத்தைச் சின்னவன் போனுக்கு அனுப்பு என்று எழுதி முடித்தாள். பயணம் அவளே தட்டிய வரிசைதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அதைத் திரையில் அச்சிட்டுப் பார்க்கவில்லை. இன்று காலை ஏற்றம் காட்டியபடி பெட்டிகளை அவளே வண்டியில் ஏற்றினாள்.

இன்று முதல் நிறுத்தமான 14, மாமியாரின் கண் கிளினிக். இந்த மாத ஊசி மருந்து அந்தப் பெட்டியில்தான் இருந்தது. மாமியாரைக் கூட்டிக்கொண்டு பெரியவன் காலையிலேயே அங்கே போயிருந்தான்.

போன் அடித்தது. பெரியவன்.

"வண்டி எங்க?"

"இன்னுமா வரல? கிளம்பி எவ்வளவு நேரமாச்சு!"

"அதைத்தான் கேட்கிறேன். அம்மாவோட சேர்த்து மூணு பேர் பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவைதான் இங்க வர்றார். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிடுவாராம். சின்னவன் போனை எடுக்கல."

"ஓட்டும்போது எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்ன எல்லாத்தையும் கேட்டுட்டானாக்கும்!" என்று போனை வைத்தான்.

கிடங்கிலிருந்து கிளினிக் அடுத்த பேட்டைதான். நடந்து போனால்கூட இதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். மருமகள் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். விபத்தா? டயர் பஞ்சரா? சின்னவனுக்கு அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

வைத்த கையோடு அவனே கூப்பிட்டான்.

"அண்ணி, ஆறாம் நம்பர் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். என்ன கூத்து இது?"

"ஆறா? ஏன் தம்பி அங்க போனீங்க?"

"ஏன் போனேனா? நீங்கதானே அனுப்பினீங்க! போன்ல முதல் நம்பர் ஆறு. பாலத்தைத் தாண்டி, ஊரையே தாண்டி வந்தாச்சு. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்தது. ஆனா நாம எதுக்கு வாயைத் திறக்கணும், கம்ப்யூட்டர் சொன்னா சரின்னு வந்துட்டேன். இங்க வந்து கதவைத் திறந்தா பதினாலு முன்னாடி நின்னு பல்லைக் காட்டுது. ஆறு உள்ள தகரத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு. எல்லாத்தையும் நடு ரோட்டுல இறக்கினாத்தான் அதை எடுக்க முடியும்."

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க தம்பி."

பயணத்தை அச்சிடு என்று தட்டினாள்.

6, 21, 9, 3, 14.

ஏற்றத்தை அச்சிடு என்றாள். அதுவும் 6, 21, 9, 3, 14.

அவள் தட்டிய வரிசை எங்கே போயிற்று? அவள் ஏற்றத்தைத்தான் திருப்பச் சொன்னாள். பயணத்தை யார் தொட்டது?

பிறகு அவளுக்கு உறைத்தது. சமம் என்று போட்டால் இரண்டாவது பட்டியல் ஒன்று உண்டாகும் என்று நினைத்துவிட்டாள். உண்டாகவில்லை. இருந்த ஒரே பட்டியலுக்கு இன்னொரு பெயர் சேர்ந்தது, அவ்வளவுதான். சின்னவனை வீட்டில் சின்னவன் என்கிறார்கள், ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் என்கிறார்கள். டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் சின்னவன் மட்டும் நன்றாக இருக்க முடியுமா? ஏற்றத்தைத் திருப்பியபோது பயணமும் திரும்பிவிட்டது. திரும்பியதுதான் சின்னவன் போனுக்குப் போயிருக்கிறது. ஒரு மாதமாகப் படித்த படிப்பு, நேற்றுத் தட்டிக்கொண்ட கை, எல்லாவற்றையும் கொண்டுபோய் எங்கேயாவது கொட்டலாம் போலிருந்தது அவளுக்கு.

"அண்ணி? இருக்கீங்களா?"

"இருக்கேன். தம்பி, தப்பு என்னோடது. கதவை மூடுங்க. எதையும் இறக்க வேண்டாம். நேரா பதினாலுக்குத் திரும்புங்க."

"விளையாடறீங்களா? செக்யூரிட்டி கேட்டைத் திறந்து வெச்சுட்டு என்னையே பார்க்கிறார். வந்த வாசல்ல கொடுக்காம திரும்பினா அண்ணன் என் தோலை உரிச்சுடுவார். மறுபடியும் இஷ்டத்துக்குத் திரும்பிட்டான்னுதான் சொல்லுவார். நான் இங்கிருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாக் கொடுத்துட்டு வர்றேன். பதினாலு சின்ன கிளினிக்தானே, கடைசியாப் போகட்டும்."

"அந்தப் பெட்டி தாங்காது தம்பி. முதல் நிறுத்தம்னு ரெண்டே ஐஸ் கட்டிதான் வெச்சேன். ஆறுக்கு நிரம்ப வெச்சிருக்கேன், அது சாயங்காலம் வரைக்கும் கிடக்கும்."

"அப்ப வழியில ஐஸ் வாங்கிப் போட்டுடறேன்."

"சீலை உடைச்சா நர்ஸ் வாங்க மாட்டாங்க."

"வாங்காட்டிப் போகட்டும். நாளைக்கு வேற பெட்டி கொடுத்துக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போனா யார் குடி முழுகிடும்?"

குடி முழுகுமா என்று கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வது? மாமியார் கையைப் பிடித்து வாங்கிய சத்தியம் இருக்கிறதே. சொல்லாமல் அவனைத் திருப்ப வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். அண்ணன் சொன்னார் என்று பொய் சொல்லலாம். அவன் உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருப்பார்கள். அதற்குள் டாக்டர் கிளம்பிப் போய்விடுவார். அடுத்த ஊசி அடுத்த மாதம். அதற்குள் அந்தக் கறுப்பு எவ்வளவு பரவும் என்று டாக்டருக்கே தெரியாது.

"தம்பி, இன்ஜினை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தியாச்சு. ஏன்?"

"பதினாலுல அந்த மருந்துக்காக உட்கார்ந்திருக்கிறது உங்க அம்மா."

"அம்மா முட்டிக்குக் காட்டத்தானே போனாங்க, அண்ணன்கூட?"

"முட்டி இல்ல தம்பி. கண்ணு. ரெண்டு கண்ணுலயும் நடுவுல தெரியல. மாசம் ஒரு ஊசி போடணும், தவறினா இருக்கிறதும் போயிடும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருந்தாங்க. டாக்டர் பன்னிரண்டு மணிக்குப் போயிடுவார்."

கதவு படாரென்று மூடும் சத்தம் கேட்டது.

"பதினாலை எடுத்து முன் சீட்டுல உங்க பக்கத்துல வைங்க. ஏசியைக் கூட்டி வைங்க. வெயில் படக் கூடாது, எதையாவது போட்டு மூடுங்க. உள்ள ஒரு பச்சை அட்டை இருக்கு. சூடு ஏறினா சிவப்பாயிடும். சிவப்பாயிட்டா நீங்க போயும் பிரயோஜனம் இல்ல. தம்பி, கேட்குதா? வேகமா ஓட்டாதீங்க, தம்பி..."

போன் எப்போதோ கட்டாகியிருந்தது.

சிறிது நேரத்தில் பெரியவன் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினான். அம்மா பக்கத்தில் இருக்கிறாள் போலும்.

"என்ன, எங்கயாவது டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறானா? எனக்குத் தெரியும். அவன் சபதம் எத்தனை நாளைக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன். மறுபடியும் அந்தச் சிநேகிதன் வீட்டுப் பக்கம் போயிட்டான். அப்படித்தானே?"

'ம்' என்று ஒரு சத்தம் போதும். அவ்வளவுதான் அவள் செய்ய வேண்டியிருந்தது. பழியெல்லாம் வழக்கமான தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பைத்தானில் எந்த வரி தப்பு என்று அந்த வீட்டில் கண்டுபிடிக்க ஆளில்லை. இரண்டு வரியைத் திருத்திவிட்டால் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குக் காது சூடானது.

"இல்லைங்க. அவர் மேல தப்பு இல்ல. வரிசையைத் தப்பா அனுப்பினது நான். ஏத்தறதுக்குத் திருப்பின வரிசையே அவர் போனுக்கும் போயிடுச்சு. அவர் நம்ம பேச்சைக் கேட்டு அப்படியே போயிட்டார். இப்ப திரும்பி வந்துக்கிட்டிருக்கார்."

"எங்கிருந்து?"

"ஆறுலயிருந்து."

"பாலத்துக்கு அந்தப் பக்கமா!" அவன் குரல் எழும்பி, உடனே அடங்கியது. "உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்? பழைய மாதிரி ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டினாப் போதும்னு சொன்னேனா இல்லையா? படிக்கிறது வேற, பிழைப்பு வேற. அம்மா கண்ணை வெச்சா நீ பாடம் படிப்ப?"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் அதிகமாக வலித்தது.

"அவர்கிட்ட அத்தை கண்ணைப் பத்திச் சொல்லிட்டேன். சொல்லாம அவர் திரும்பியிருக்க மாட்டார்."

"சரி. அதுவும் ஆச்சா" என்றான் பெரியவன். "இதுக்குத்தான் நான் அந்த வண்டியையே தலைமுழுகிடலாம்னு முடிவு பண்ணினேன்."

"என்ன சொல்றீங்க?"

"ஆள் பார்த்தாச்சு. இந்த வாரம் வந்து வண்டியைப் பார்க்கிறாங்க. கூரியர்காரன்கிட்ட டெலிவரியைக் கொடுத்துட்டா நமக்கு இந்த ரோதனையே இல்ல. சின்னவன்கிட்ட வாயைத் திறக்காதே. நேரம் பார்த்து நானே சொல்லிக்கறேன்."

"அவருக்கு அந்த வண்டியை விட்டா வேற என்னங்க இருக்கு?"

"வாயைத் திறக்காதேன்னு சொன்னேன். நர்ஸ் கூப்பிடறாங்க, இரு."

ஒரு ரகசியத்தை இறக்கி வைத்த அரைமணிக்குள் இன்னொன்றைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான். அப்படி ஒரு சுமையை ஏற்றியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று லேப்டாப்பை இழுத்தாள். சமம் என்று போட்ட வரியில் பயணம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, காப்பி என்ற சொல், ஒன்றும் எழுதாத அடைப்புக்குறி. நகல் எடுத்து அதற்கு ஏற்றம் என்று பெயர் வை என்று அர்த்தம். இப்போதுதான் உண்மையிலேயே இரண்டு பட்டியல். 14, 3, 9, 21, 6 என்று பயணத்தை மறுபடி தட்டினாள். ஏற்றத்தைத் திருப்பினாள். இரண்டையும் அச்சிட்டாள். ஏற்றம் 6-இல் தொடங்கியது. பயணம் 14-இல் தொடங்கியது, அவள் தட்டியபடியே அசையாமல் இருந்தது. மீண்டும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கும் நம்பர்களைச் சின்னவன் போனுக்கு அனுப்பினாள்.

மொத்தம் ஒரு சொல்தான். நேற்று இந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தால் மாமியார் இந்நேரம் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

பெரியவன் மறுபடி கூப்பிட்டபோது அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"டாக்டர் கையுறையைக் கழட்டிட்டார். பையை மூடறார்."

"இன்னும் கொஞ்சம் நேரம் கேளுங்க. காலைப் பிடிச்சாவது கேளுங்க."

"கேட்டுட்டேன். அடுத்த ஊர்ல ஆபரேஷனுக்கு ஆள் படுத்திருக்காங்களாம். அவர் மேல குத்தம் இல்ல. இரு, இரு, வாசல்ல ஒரு சத்தம். லைன்லயே இரு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போலும். துணி உரசும் சத்தம் வந்தது. யாரோ ஓடினார்கள். "சார், பெட்டி வந்துடுச்சு, சார்!" என்று ஒரு பெண் குரல் கேட்டது, நர்ஸாக இருக்க வேண்டும். டேப்பைக் கிழிக்கும் சத்தம். மருமகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அட்டையை எடுத்துப் பார்க்கிறார்கள், பச்சையா, சிவப்பா, சொல்லித் தொலையுங்களேன் என்று வாய்விட்டே முனகினாள்.

"ஓரம் கொஞ்சம் மாறியிருக்கு" என்றாள் நர்ஸ்.

"கொடுங்க பார்ப்போம்." இது டாக்டர். "ஓரம் மட்டும்தான். பாதி மாறினாத்தான் தூக்கிப் போடணும். இது போடலாம். முதல்ல அந்த அம்மாவை உள்ள கூட்டிட்டு வாங்க. சீக்கிரம்."

மருமகள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே காதில் போனை அழுத்தினாள்.

"டேய், என்னடா இது, சட்டை எங்க? பனியனோட வந்து நிக்கிற!" என்றான் பெரியவன். எதையாவது போட்டு மூடச் சொன்னாளே, போட்டிருந்த சட்டையையே கழற்றி மூடிவிட்டான். சின்னவனுக்கு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் தள்ளிப் போயிற்று.

அப்போதுதான் மாமியாரின் குரல் வந்தது. ரொம்பப் பக்கத்திலிருந்து, ரொம்ப மரியாதையாக.

"யாருங்க அது? வழியில நிக்கிறீங்களே, டாக்டர் கூப்பிடறார். கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

"அம்மா, அது..." என்று பெரியவன் ஆரம்பித்தான். முடிக்கவில்லை. போன் கட்டானது.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குளிரறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவனின் போனிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி. அத்தை?"

"ஊசி போட்டாச்சு. உள்ள படுக்க வெச்சிருக்காங்க. நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னாங்க."

"அப்பாடா!"

"நான் நேர் எதிர்லதான் நின்னேன் அண்ணி. யாருங்கன்னு கேட்டாங்க. வாங்க போங்கன்னு மரியாதையா." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "வீட்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் முட்டி வலி. நான் கடைகடையா அலைஞ்சு தைலம் வாங்கிட்டு வந்து தினமும் தேய்ச்சு விட்டேன். அவங்களும் காலை நீட்டிக் காமிச்சாங்க. இப்ப பரவாயில்லடான்னு சொன்னாங்க அண்ணி."

"உங்களை ஏமாத்தணும்னு இல்ல தம்பி. நீங்க வண்டி ஓட்டறவங்கன்னு பயந்தாங்க. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சரி, விடுங்க. வண்டியில இன்னும் நாலு பெட்டி கிடக்கு. அடுத்து எது?"

"மூணு. அப்புறம் ஒன்பது, இருபத்தொண்ணு, கடைசியா ஆறு. போன்லயும் சரியா அனுப்பிட்டேன். ஆறுக்கு நான் பேசி மன்னிப்புக் கேட்டுடறேன்."

"மூணு, ஒன்பது, இருபத்தொண்ணு, ஆறு" என்று திருப்பிச் சொன்னான். ஆனால் போனை வைக்கவில்லை. வண்டிக் கதவைத் திறந்து ஏறி உட்காரும் சத்தம் கேட்டது. சாவி போடும் சத்தம் கேட்கவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேட்பேன். மழுப்பாம சொல்லணும். எனக்குத் தெரியாம இந்த வீட்ல இன்னும் ஏதாவது இருக்கா?"

அவன் பின்னாலிருந்து பெரியவனின் குரல் நெருங்கி வந்தது. "யாருகிட்டடா இவ்வளவு நேரம் பேசற? பெட்டியெல்லாம் வெயில்ல கிடக்குது, கிளம்பு!"

வண்டி கிளம்பும் சத்தம் வரவில்லை. அவன் மூச்சு அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வாயைத் திறக்காதே என்று சொன்ன புருஷன் அங்கே வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறான். காலையிலிருந்து அந்த வண்டியை ஊருக்கும் பாலத்துக்கும் ஓட்டி ஓய்ந்தவன் அதே வண்டியில் உட்கார்ந்து அவள் பதிலுக்காகக் காத்திருக்கிறான்.

"இருக்கு தம்பி" என்றாள் மருமகள். "நீங்க உட்கார்ந்திருக்கிற அந்த வண்டியைப் பத்தி."